பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததிலிருந்து பாப்பா தூங்கவே இல்லை

பொருநைக்கரை
ஜனவரி 27, அதிகாலை 2:10

எல்லோருக்கும் வணக்கம். பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு ஒரு கையால் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் நவம்பர் நடுவில் பிறந்தாள். இப்போது பத்தரை வாரம். முறைப்படி அம்மா வீட்டில் நடக்க வேண்டிய பிரசவம், அப்பாவுக்கு பைபாஸ் ஆகியிருந்ததால் சென்னையிலேயே நடந்தது. மாமியார்தான் 40 நாள் கூட இருந்து பார்த்துக்கொண்டார்கள். ஊரில், அதாவது அம்பாசமுத்திரம் பக்கம், எங்கள் பூட்டி ஆச்சிக்கு 92 வயது. "பிள்ளையை எப்போ கொண்டு வாரிய?" என்று தினமும் போனில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். டாக்டரிடம் கேட்டோம். ஒன்றரை மாத ஊசி போட்டாயிற்று, எடையும் நன்றாக இருக்கிறது, கூட்டத்தில் எல்லோர் கையிலும் கொடுக்காமல் கூட்டிப் போய் வாருங்கள் என்றார்.

ஜனவரி 11 இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் கிளம்பினோம். போகும்போது ஒரு சிரமமும் இல்லை. கீழ் பெர்த், சுவர்ப் பக்கம் அவள், வெளிப்பக்கம் நான். விழுப்புரம் தாண்டித் தூங்கியவள் மதுரையில்தான் பாலுக்கு எழுந்தாள். ஊரில் 11 நாள். பெரியம்மா, சித்தி, அத்தை, மதினி என்று வீட்டில் எப்போதும் பத்துப் பேர். பகலில் அவள் தரையில் படுத்ததே கிடையாது. ஒன்று யாராவது ஒருவர் கை, இல்லாவிட்டால் அம்மாவின் நூல்சேலையில் கட்டிய தொட்டில். தினமும் ராத்திரி நான் தூங்கட்டும் என்று சித்தி இரண்டு தடவை பவுடர் பால் கலக்கி பாட்டிலில் கொடுத்தார்கள். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

23ஆம் தேதி காலை மேடவாக்கம் வந்து சேர்ந்தோம். அன்றிலிருந்து நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து வீறிட்டு அழுகிறாள். கட்டிலில் போட்டால் முதுகு படுவதற்குள் கண் திறந்துவிடுகிறது. பகலெல்லாம் தூக்கம், ராத்திரியெல்லாம் விழிப்பு. மார்பில் வாய் வைத்தால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் திமிறுகிறாள். கணவருக்கு விடுப்பு முடிந்து அலுவலகம் போக ஆரம்பித்துவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றியதும் எனக்கு அழுகை வருகிறது. வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஊரில் அந்த நேரத்துக்கு வாசலில் நாலு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். போகாமலே இருந்திருக்கலாமோ என்று நினைப்பு வருகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

*

பெருந்துறைக்காரி
ஜனவரி 27, அதிகாலை 4:35

கண்ணு, உன் பதிவைப் படிக்கும்போது என் மடியிலும் ஒன்று கிடக்கிறது. இது இரண்டாவது, நாலு மாதம்.

மூத்தவனை இரண்டாம் மாதத்தில் அம்மிச்சி ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய் வந்தபோது இதே கதைதானுங்க. பத்துப் பதினைந்து நாளில் சரியாகிவிட்டது. பகல் எது ராத்திரி எது என்று இந்த வயதுப் பிள்ளைக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு மூன்று மாதத்தில்தான் உடம்புக்கு அந்தக் கணக்கு உருவாக ஆரம்பிக்கும். அது உருவாகிற நேரத்தில் வீட்டில் ராத்திரி பதினொரு மணி வரை விளக்கும் சிரிப்புமாக இருந்தால் பிள்ளை அதையே பகல் என்று எடுத்துக்கொள்ளும்.

நான் செய்தது இதுதான். காலை ஆறரைக்கு எந்த நிலையில் இருந்தாலும் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போவேன். பகல் தூக்கத்துக்கு ஜன்னலைச் சாத்துவதில்லை, மிக்சி சத்தம் கேட்கட்டும் என்று விட்டுவிடுவேன். ராத்திரி எட்டுக்கு மேல் ஒரே ஒரு சின்ன விளக்கு. பால் கொடுக்கும்போது ஒரு வார்த்தை பேசுவதில்லை, முகத்தைப் பார்த்துச் சிரிப்பதுகூட இல்லை. அது ரொம்பக் கஷ்டமாக இருக்கும், ஆனால் ராத்திரியில் வேடிக்கை ஒன்றும் இல்லை என்று அவர்களுக்குப் புரிய வேண்டும் இல்லையா.

ஆறு மணி அழுகை எனக்கும் இருந்தது. அந்த நேரத்தில் தனியாக இருக்காதே. பக்கத்து வீட்டுத் திண்ணையோ லிஃப்ட் வாசலோ, மனுஷ முகம் தெரிகிற இடத்துக்குப் பிள்ளையோடு போய் நில்.

*

ஓய்வுபெற்ற செவிலி
ஜனவரி 27, காலை 7:20

திண்டுக்கல் மாவட்டத்தில் 29 வருடம் கிராம சுகாதார செவிலியாக இருந்தவள் நான். முதலில் சில கேள்விகள், அம்மா. பதில் சொன்னால்தான் மற்றதைப் பேச முடியும்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒன்றுக்குப் போகிறாள்? நன்றாக நனைந்த துணியோ டயப்பரோ ஆறுக்குக் குறையாமல் இருக்கிறதா? உடம்பு சுடுகிறதா? கையை வைத்துப் பார்த்துச் சொல்லாதே, தெர்மாமீட்டர் வைத்துப் பார். மூன்று மாதம் முடியாத பிள்ளைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நடு ராத்திரியானாலும் டாக்டரிடம் போக வேண்டும். பயணம் போய் வந்தவர்களுக்கு இதை நான் முதலில் சொல்வது ஏனென்றால், "ஊர் மாறின அலுப்பு" என்று காய்ச்சலை ஒதுக்கிவிட்டு இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் இல்லை, ஒன்றுக்கு நன்றாகப் போகிறாள் என்றால் நிதானமாகச் சரிசெய்யலாம். பாட்டிலில் பால் தானாக வாயில் விழும். மார்பில் அவள் உழைத்துத்தான் குடிக்க வேண்டும். 11 நாள் ராத்திரியில் சுலபமாகக் கிடைத்ததால் இப்போது திமிறுகிறாள். பால் வற்றிவிட்டது என்று நீயாக முடிவு கட்டிவிடாதே. பாட்டிலை எடுத்து உள்ளே வை. கொடுத்தே ஆக வேண்டும் என்றால் பாலைப் பீச்சி எடுத்துப் பாலாடையில் கொடு. அவள் முழுதாக விழித்து அழுகிற வரை காத்திருக்காதே. தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டி, தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பும்போதே எடுத்து வாயில் வை. மேல் சட்டை இல்லாமல் உன் நெஞ்சோடு அணைத்துப் படுத்திரு. வாயில் வைக்கா­விட்டாலும் பரவாயில்லை, சும்மா அணைத்திரு.

இன்னொன்று. பத்து வார ஊசி என்ன ஆயிற்று? கணக்குப்படி 23ஆம் தேதி வந்திருக்க வேண்டும். அலைச்சலில் விட்டுப்போயிருந்தால் பதற வேண்டாம், முதலிலிருந்து போட வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து போட்டுக்கொள்ளலாம். நாளை புதன்கிழமை. எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடுவார்கள். அங்கேயே எடையும் பார்த்துவிடு. இந்த வயதில் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும். எடை ஏறியிருந்தால் உன் பாதிப் பயம் தெளிந்துவிடும்.

*

பொருநைக்கரை
ஜனவரி 27, காலை 10:50

நன்றி அக்கா, நன்றி அம்மா. 98.2தான் காட்டுகிறது. நேற்று ஏழு டயப்பர் மாற்றினேன், எல்லாம் கனமாகவே இருந்தது. ஊசி விஷயம் சுத்தமாக மறந்துவிட்டேன். நாளைக்கே போகிறோம்.

எதிர் வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "ரயிலில் வந்ததில் பிள்ளைக்கு உரம் விழுந்திருக்கு, அதான் இப்படி அழுது" என்கிறார்கள். உரம் என்றால் சுளுக்காம். சேலையில் போட்டு உருட்டி அதை எடுக்கிற ஒருவர் பக்கத்தில் இருக்கிறாராம். வீட்டில் சாம்பிராணி போடச் சொல்கிறார்கள். கொஞ்சம் வசம்பு உரசிக் கொடுக்கவும் சொன்னார்கள். ஆசையாகச் சொல்கிறவர்களிடம் எப்படி மறுப்பது என்று தெரியவில்லை.

*

ஓய்வுபெற்ற செவிலி
ஜனவரி 27, காலை 11:15

உரம் எடுக்க வேண்டாம். பத்து வாரப் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை. சேலையில் போட்டு உருட்டும்போது தலை எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இதில் நான் யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சாம்பிராணிப் புகை வேண்டாம், பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது. வசம்பைக் கையில் வளையலாகக் கட்டிக்கொள்ளட்டும், வயிற்றுக்குள் போக வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் கூடாது. தேன் ஒரு வயது வரைக்கும் கூடாது.

மறுப்பதற்கு வழி சொல்கிறேன். "டாக்டர் திட்டுவார் அம்மா" என்று சொல்லிவிட்டு, உப்பு மிளகாய் சுற்றிப் போடச் சொல்லிக் கேள். அதை வெளியே அடுப்பில் போடச் சொல். அவர்களுக்கும் மனசு நிறையும், பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாது.

*

மலைக்கோட்டை அப்பா
ஜனவரி 27, மதியம் 1:30

ஒரு அப்பாவாகச் சொல்கிறேன், சகோதரி. எங்களுடையது திரும்பி வந்த கதை.

மனைவி பிரசவத்துக்குத் துறையூர் போய், ஐந்தாம் மாதம்தான் பெங்களூருக்கு வந்தார். நான் சனி, ஞாயிறு மட்டும் போய்ப் பார்த்தவன். வீட்டுக்கு வந்த முதல் நாள் மகன் என் முகத்தைப் பார்த்தாலே உதட்டைப் பிதுக்கினான். அங்கே என் மாமியார்தான் தினமும் குளிப்பாட்டுவார். இங்கே வந்ததும் எனக்கும் மனைவிக்கும் குளிப்பாட்டத் தெரியாது. இரண்டு நாள் ஈரத்துணியால் துடைத்தே விட்டோம்.

மூன்றாம் நாள் மாமியார் வீடியோவில் வந்தார். குளியலறையில் மணையைப் போட்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்காரச் சொன்னார். பிள்ளையைக் கணுக்காலில் தலை வருகிற மாதிரி கிடத்தி, "இரண்டு முழங்காலையும் ஒட்டி வையுங்கள் மாப்பிள்ளை, நடுவில் விரிசல் இருந்தால் பிள்ளைக்கு விழுந்துவிடுவோம் என்று தோன்றும்" என்றார். தண்ணீரை முழங்கையில் விட்டுப் பார்த்துவிட்டுத் தோளில் முதல் செம்பை ஊற்றினேன். ஒரு நொடி மூச்சை இழுத்தான். அப்புறம் என் கட்டை விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். அழவில்லை. அன்றிலிருந்து இன்று வரை குளிப்பாட்டுவது நான்தான்.

உங்கள் கணவரிடம் ஒரே ஒரு வேலையை முழுதாகக் கொடுங்கள். "உதவி செய்கிறேன்" என்று நிற்பதில் பயனில்லை. தினமும் அதே நேரத்தில் அவர் மட்டுமே செய்கிற வேலையாக இருக்க வேண்டும். அலுவலகம் போகிறவர் என்றால் அதிகாலை ஐந்திலிருந்து ஏழு வரை பிள்ளை அவர் பொறுப்பு. அந்த இரண்டு மணி நேரம் நீங்கள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும். மத்திய அரசு ஊழியருக்காவது 15 நாள் தந்தை விடுப்பு இருக்கிறது, தனியார் வேலையில் இருக்கிற எங்களுக்குச் சட்டத்தில் எதுவுமே இல்லை. அதனால்தான் இப்படி நேரம் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

*

நடுநிசி அம்மா
ஜனவரி 27, மதியம் 3:05

மனசு நோகச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்கிறேன், எட்டு வாரத்தில் போயிருக்க வேண்டுமா? மூன்று மாதம் முடியாமல் எல்லை தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது வீண் பேச்சு இல்லை. செவிலி அம்மா சொன்ன அதே மூன்று மாதம்தான் இது. பொங்கல் நேரத்தில் நெரிசல், ஆளாளுக்கு இருமல், ஆளாளுக்கு முத்தம். எங்கள் மகளுக்கு இரண்டாம் மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் சளி பிடித்து, மூச்சு வாங்கி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். உறவுக்காரர்களிடம் "வேண்டாம்" என்று சொல்லத் தைரியம் இல்லாமல் போனதுக்கு நாங்கள் கொடுத்த விலை அது. புதிதாகப் பெற்ற அம்மாக்கள் இதைப் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன்.

*

பொருநைக்கரை
ஜனவரி 27, மாலை 5:40

நீங்கள் சொல்வதில் தப்பில்லை அக்கா. நானும் பயந்துகொண்டுதான் போனேன். கை கழுவாமல் தொடக் கூடாது, முத்தம் கூடாது என்று அம்மா வாசலிலேயே சொல்லிச் சொல்லித்தான் உள்ளே விட்டார்கள். இரண்டு பேர் முகம் சுளித்துக்கொண்டு போனதும் உண்டு.

ஏன் காத்திருக்கவில்லை என்றால், பூட்டி ஆச்சிக்காகத்தான். அவர்களுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கிவிட்டது. வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். நாங்கள் போன அன்று குளித்து, நார்மடி மாதிரி மெலிந்த ஒரு வெள்ளைச் சேலை கட்டி, கட்டிலில் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மடியில் பிள்ளையை வைத்ததும் உச்சி மோந்தார்கள். அப்புறம் விரலால் நெற்றி, புருவம், மூக்கு என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்து காதில் நிறுத்தினார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் காது மடலின் மேல் ஓரம் சற்று மடிந்திருக்கும். அந்த மடிப்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, "வந்துட்டு, நம்ம காது வந்துட்டு" என்றார்கள். பாப்பா அந்தக் கையிலேயே தூங்கிப்போனாள். முக்கால் மணி நேரம் ஆச்சி அசையவில்லை. கால் மரத்துப்போகும், எடுக்கிறேன் என்று அம்மா சொன்னபோது, "சும்மா இரி" என்று அதட்டினார்கள்.

மூன்று மாதம் ஆகட்டும் என்று இருந்திருக்கலாம். ஆனால் 92 வயதில் அவர்களுக்கு மாதக் கணக்கு சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

*

வல்வைப் பிள்ளை
ஜனவரி 27, இரவு 9:25

நான் கனடாவில், ஸ்கார்பரோவில் இருக்கிறேன். போன வருடம் டிசம்பரில் மகனை நாலரை மாதத்தில் யாழ்ப்பாணம் கொண்டுபோனோம். அம்மம்மாவை நேரில் பார்க்காமல் பிள்ளை பெற்றவள் நான், 31ஆம் நாள் துடக்குக் கழிவுகூட வாட்ஸ்அப்பில்தான் அவர்களுக்குக் காட்டினோம். அதனால் உங்கள் பூட்டியின் கை எனக்கு நல்லாய் விளங்குது.

பத்தரை மணித்தியால நேர வித்தியாசம் எங்களுக்கு. போகும்போது விமானத்தில் முன் வரிசையில் தொட்டில் மாட்டுகிற இருக்கையைக் கேட்டு வாங்கினோம். இறங்கத் தொடங்கும்போது காதடைக்கும் என்று பால் கொடுத்தேன், அழவில்லை. கொழும்பிலிருந்து வான் பிடித்து ராத்திரி முழுக்க ஓடி விடிய வல்வெட்டித்துறை போய்ச் சேர்ந்தோம். அங்கே அம்மம்மா வீட்டுக் கூரை வளையில் ஏணை, அதுதான் சேலைத் தொட்டில், கட்டி வைத்திருந்தார்கள். மூன்று கிழமையும் அந்த ஏணைதான் அவன் உலகம்.

திரும்பி வந்தது தைக் குளிரில். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டு, வெளியே கால் வைக்க ஏலாது. அவன் ராத்திரி இரண்டு மணிக்கு எழும்பி விளையாட ஆள் தேடுவான். ஏழெட்டுப் பேர் முகம் பார்த்துப் பழகின பிள்ளைக்கு நாங்கள் இரண்டு பேர் காணாது. நான் செய்த ஒரு விஷயம் உண்மையாகவே உதவியது. அங்கே தூக்க நேரத்துக்கு அம்மம்மா ஒரே ஒரு தாலாட்டைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார். அதைப் போனில் பதிந்து வைத்திருந்தேன். இங்கே வந்து படுக்கப் போடும்போது முதலில் அதைப் போடுவேன், பிறகு அதே தாலாட்டை நானே படிப்பேன். நாலைந்து நாளில் பதிவு தேவைப்படவில்லை, என்ர குரலே போதுமாக இருந்தது. நித்திரை முழுதாகச் சீராக இரண்டு கிழமை எடுத்தது.

*

விளாத்திகுளம் ஆச்சி
ஜனவரி 28, காலை 6:10

பேத்தி போன மாதம்தான் ஊருக்குப் போனாள். அதனால் இந்தப் பக்கத்தையும் சொல்லலாம் என்று எழுதுகிறேன், தாயி.

பிள்ளையை ரயிலேற்றிவிட்டு வீட்டுக்கு வந்தால், உத்திரத்தில் தொட்டில் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அவிழ்க்க மனசு வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார். கேட்டால், கை பட்டுவிட்டது என்பார். ராத்திரி மூன்று மணிக்குப் பால் நேரம் என்று எனக்கு முழிப்பு வந்துவிடும், எழுந்து உட்கார்ந்திருப்பேன். இங்கே நாங்கள் நிம்மதியாக இருக்கிறோம், நீ மட்டும் அங்கே தவிக்கிறாய் என்று நினைக்காதே. உன் அம்மாவும் இப்படித்தான் இருப்பாள். நீ "நல்லா இருக்கோம்மா" என்று சொல்லிச் சொல்லி மறைத்தால் அவளுக்கும் அதையே சொல்லத் தோன்றும். ஆறு மணிக்கு அழுகை வருகிறது என்று எங்களிடம் எழுதினாயே, அதை அவளிடம் சொல்.

என் மகளுக்கும் பிள்ளை தூங்கவில்லை என்று போன் வந்தது. அந்தத் தொட்டில் சேலையைத் துவைக்காமல் மடித்து பஸ் பார்சலில் போட்டுவிட்டேன். அந்த வாடைக்குப் பிள்ளை அடங்கியது.

*

பெருந்துறைக்காரி
ஜனவரி 28, காலை 8:00

ஆச்சி, படித்துவிட்டு எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

தொட்டில் என்று பேச்சு வந்ததால் ஒன்று கேட்கிறேன். இங்கே ஃபிளாட்டில் கொக்கி இல்லாவிட்டால் ஸ்டாண்டுத் தொட்டில் வாங்கலாமா? எங்கள் டாக்டர் தொட்டிலே கூடாது என்கிறார். நாங்கள் எல்லோரும் தொட்டிலில் வளர்ந்தவர்கள்தானே.

*

ஓய்வுபெற்ற செவிலி
ஜனவரி 28, காலை 9:40

டாக்டர் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. துணி குழிந்து பிள்ளையின் தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சு முட்டும். இரண்டு பக்கத் துணியும் முகத்தில் மூடிக்கொள்ளும். ராத்திரித் தூக்கம் கெட்டியான, சமமான படுக்கையில், மல்லாக்கப் படுத்துத்தான். தலையணை, போர்வை எதுவும் பக்கத்தில் வேண்டாம். நான் வேலை பார்த்த ஊர்களில் தொட்டிலே கட்டாதே என்று சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். அதனால், பகலில் மட்டும், குறுக்கே தொட்டில் கம்பு வைத்து, தரையிலிருந்து ஒரு முழம் உயரத்தில், கண் பார்வையில் ஒரு பெரியவர் இருக்கும்போது மட்டும் என்று சொல்லிவந்தேன். நீங்கள் தூங்கும்போது பிள்ளை தொட்டிலில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே பழகாத பிள்ளைக்குப் புதிதாக வாங்கிப் பழக்கவும் வேண்டாம்.

ஆச்சி சொன்ன சேலை நல்ல யோசனை. ஆனால் அதைப் பிள்ளைமேல் போர்த்தாமல், மெத்தைமேல் விரித்து நான்கு ஓரத்தையும் அடியில் இறுக்கிச் செருகிவிடுங்கள். சுருக்கம் இல்லாமல் இருக்க வேண்டும்.

பொருநைக்கரை அம்மா, உனக்குத் தனியாக ஒன்று. இந்த அழுகை நாளுக்கு நாள் குறைந்தால் சரி. பெற்று பத்து வாரம் ஆகிவிட்டது, எனவே இதைச் சாதாரணப் பிரசவ அலுப்பு என்று நான் தள்ளிவிட மாட்டேன். இரண்டு வாரம் தாண்டியும் இருந்தால், பிள்ளை தூங்கும்போதுகூட உனக்குத் தூக்கம் வராமல் போனால், பிள்ளைமேல் பற்றே இல்லாதது போலத் தோன்றினால், டாக்டரிடம் சொல்லு. 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி இருக்கிறது, காசு கிடையாது, தமிழில் பேசலாம். அங்கே பேசுவது காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவது மாதிரிதான்.

*

பொருநைக்கரை
ஜனவரி 28, இரவு 8:15

ஊசி போட்டாயிற்று. தொடையில் போட்டபோது ஒரு அழுகை, அப்புறம் என் தோளிலேயே தூங்கிவிட்டாள். லேசாகச் சூடு இருக்கிறது, எடைக்குத் தகுந்த அளவு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஊசியால் வரும் சூடு என்று தெரிந்தாலும் மணிக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

எடை 4 கிலோ 850 கிராம். பிறக்கும்போது 2 கிலோ 900. அங்கே இருந்த நர்ஸ் அட்டையில் குறித்துவிட்டு, "நல்லாத்தானே ஏறியிருக்கு, எதுக்கு முகம் இப்படி இருக்கு?" என்று கேட்டார். அங்கேயே அழுதுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்துவிட்டு அடுத்த பிள்ளையைப் பார்க்கப் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "நானும் அந்த வாசல்ல தனியாத்தான் உக்காந்திருக்கேன் மக்கா" என்றார்கள். பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்களாம். நான் இங்கே நினைத்து ஏங்கிய அந்தக் கூட்டம் அங்கேயும் இல்லை. அது எனக்கு இந்த ஐந்து நாளில் தோன்றவே இல்லை. இனிமேல் தினமும் ஆறு மணிக்கு வீடியோவில் வருவதாகப் பேச்சு. பேச வேண்டும் என்றுகூட இல்லை. அவர்கள் பூ கட்டட்டும், நான் பாப்பாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருப்பேன், போன் பாட்டுக்கு நிற்கட்டும். சேலையும் பார்சலில் வருகிறது.

கணவர் அதிகாலை ஐந்திலிருந்து ஏழு தன்னுடையது என்று எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார்.

*

நடுநிசி அம்மா
ஜனவரி 28, இரவு 10:30

எடையைப் படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நேற்று நான் எழுதியது கடுமையாகப் பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததின் பயம் அது. உங்கள் அம்மா மாதிரி வாசலில் நின்று சொல்ல எங்களுக்கு ஒருவர் இல்லை.

*

பொருநைக்கரை
பிப்ரவரி 9, மதியம் 12:20

பத்து நாளாக வர முடியவில்லை. கேட்டவர்களுக்கு எல்லாம் நன்றி, எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன்.

பாட்டிலை விட்டுவிட்டாள். முதல் மூன்று நாள் கஷ்டம்தான். மடியில் உட்கார்ந்தாலே திமிறினாள். செவிலி அம்மா சொன்னபடி அரைத் தூக்கத்தில் எடுத்து வைத்தேன், முதலில் ராத்திரிகளில் மட்டும் ஒத்துக்கொண்டாள். நான்காம் நாள் பகலிலும் குடித்தாள். பாலாடை இரண்டு தடவைதான் தேவைப்பட்டது.

ராத்திரித் தூக்கம் இப்போது ஒரு தடவைக்கு மூன்று, மூன்றரை மணி நேரம் வருகிறது. காலையில் மொட்டை மாடிக்குப் போவது நிற்கவில்லை. மேல் வீட்டுப் பாட்டி ஒருவர் அந்த நேரத்தில்தான் துளசிக்குத் தண்ணீர் விட வருவார். முதல் நாள் சிரித்தார், இரண்டாம் நாள் பேர் கேட்டார், இப்போது அவர் கையில் பாப்பா ஐந்து நிமிஷம் இருக்கிறாள். கையைக் கழுவிவிட்டுத்தான் வருகிறார், நான் சொல்லவே இல்லை.

சேலை வந்து சேர்ந்தது. மெத்தைமேல் இறுக்கிச் செருகினேன். அன்று ராத்திரி அவளைக் கிடத்தியதும் முகத்தைத் திருப்பி, கன்னத்தைத் துணியில் வைத்துக்கொண்டு, விரலால் ஒரு இடத்தையே கொஞ்ச நேரம் பிராண்டிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெயும் அம்மாவின் அலமாரியில் இருக்கும் பச்சைக் கற்பூரமும் கலந்த வாடை. நாலாம் நாள் அதில் நன்றாக வயிற்றுக்குப் போய்விட்டாள், துவைக்காமல் முடியாது என்று ஆகிவிட்டது. சோப்புத் தண்ணீரில் போடும்போது எனக்குத்தான் வருத்தம். அன்று ராத்திரியும் அவள் தூங்கினாள்.

ஆறு மணி அழுகை வாரத்தில் ஒரு நாள் வருகிறது, தினமும் இல்லை. டாக்டரிடம் அதைச் சொன்னேன், அடுத்த மாதம் மறுபடி வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது ஊசி பிப்ரவரி 25, அதுவும் புதன்கிழமை. பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சாத்தா கோயிலில் முடியிறக்க வேண்டும் என்று ஆச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கணவர் நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் தேடிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை நாலு நாள் மட்டும். பாட்டில் கிடையாது என்று சித்தியிடம் இப்போதே சொல்லிவிட்டேன். ராத்திரி அவளைப் படுக்க வைக்க இங்கிருந்தே சின்ன மெத்தையை எடுத்துப் போகப் போகிறோம். ரயிலில் அந்த மெத்தையை எப்படிக் கட்டி எடுத்துப் போவது என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

*

மலைக்கோட்டை அப்பா
பிப்ரவரி 9, மதியம் 1:05

படுக்கை விரிப்பில் சுருட்டி, இரண்டு பக்கமும் பழைய துப்பட்டாவால் கட்டி, கீழ் பெர்த்துக்கு அடியில் ஒரு பாலிதீன் தாளை விரித்து அதன்மேல் வையுங்கள். கீழ் பெர்த் கிடைக்காவிட்டால் டி.டி.ஆரிடம் கைக்குழந்தை என்று சொல்லிக் கேளுங்கள், காலியாக இருந்தால் மாற்றித் தருவார். 2022இல் லக்னோ மெயிலில் பிள்ளைக்கென்று கீழ் பெர்த்தோடு ஒரு குட்டிப் படுக்கை மாட்டிச் சோதனை பார்த்தார்கள். நம் பக்கத்து ரயில்களுக்கும் அது வர வேண்டும் என்று நான் இரண்டு தடவை எழுதிப் போட்டிருக்கிறேன், நீங்களும் போடுங்கள்.